தோடம்பழப் பாட்டுக்கு எழும்பி நின்ற சனம்

லண்டனில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களின் போனில் ஞானேஸ்வரனின் பெயர் விழுந்தால், எடுப்பதற்கு முதல் ஒரு கதிரையைப் பார்த்து இருந்துகொள்வார்கள். "ஆர் மோசம் போட்டினம்?" என்றுதான் பேச்சே தொடங்கும். பாவம், அவன் சிலவேளை மாடிப்படிக்கு விரிக்கிற கார்ப்பெட் வந்துவிட்டது என்று சொல்லத்தான் எடுத்திருப்பான்.

ஞானேஸ்வரன் என் சின்னம்மாவின் இரண்டாவது மகன். நான் அவனுக்கு அக்கா முறை, என்னைவிடப் பத்து வயது இளையவன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். அவனுடைய பெண்சாதி குமுதினி என் தகப்பன் வழியில் ஒன்றுவிட்ட அண்ணனுடைய மகள். ஆகவே எனக்கு மருமகளும் அவள்தான், மச்சாளும் அவள்தான். எந்த முறை சொல்லிக் கூப்பிட்டாலும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கமாட்டாள், அது வேறு கதை.

இவன் முதலில் போனது ஜெர்மனிக்கு. அங்கே அகதிகள் விடுதியில் எங்கள் ஆள் ஒருவர் காலமானார். பதிகம் பாட ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடத்து வெள்ளிக்கிழமைப் பூசையில் பாடின ஞாபகத்தில் இவன் வாயைத் திறந்தான். அன்றைக்குத் திறந்த வாய்தான். பிறகு பிள்ளையின் இங்கிலீசுப் படிப்புக்கு என்று சொல்லி ஜெர்மன் பாஸ்போட்டோடு லண்டன் வந்து, ஸ்ட்ரெதமில் கார்ப்பெட் கடை போட்டான். கடையில் கார்ப்பெட் விரிப்பான், கூப்பிட்ட இடத்தில் பதிகம் விரிப்பான்.

செத்தவீடு என்றால் இவன் இல்லாமல் பெட்டி நகராது என்ற நிலைமை வந்துவிட்டது. தகன மண்டபத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளந்துதான் நேரம் கொடுப்பார்கள். இவன் இழுக்கிற இழுவையில் எங்கள் நேரம் முடிந்து, அடுத்த குடும்பம் பெட்டியோடு வாசலில் நிற்கும். வெள்ளைக்காரர் எதற்கும் வரிசையில் நிற்கப் பழகினவர்கள் என்பதால் இதுவரை சண்டை ஒன்றும் வரவில்லை. இவன் "ம்ம்" என்று தொண்டையைச் சரிபண்ணினால் போதும், சனம் முழுவதும் எழும்பிவிடும். கையைக் கட்டி, தலை குனிந்து, முடியும்வரை நிற்கும். முடிந்ததும் ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பக் கதிரையில் இருந்துவிடும். பதிகத்துக்குக் கைதட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

இப்படிப்பட்ட பாட்டுக்காரனை ஒரு கலியாணவீட்டில், ஒரு பிறந்தநாளில், ஒரு புதுவீட்டுக் குடிபூரலில் பாடு என்று கேட்டார்களா என்றால், இல்லை. அவனுடைய தமக்கையின் மகன் கிருஷாந்தின் கலியாணத்தில் தாய்மாமன் என்ற உரிமையோடு மைக்குக்குக் கிட்டப் போனான். பெண்வீட்டார் இரண்டு பேர் ஓடிவந்து, இரண்டு கையையும் பிடித்து, நேரே சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப் போனார்கள். மிக மிக மரியாதையாக. பாயாசம்கூட இரண்டு தரம் வைத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னான்.

"என்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலை நான் பாடுவன். ஆர் தடுக்கினம் எண்டு பாப்பம்."

"நான் தடுப்பன்," என்றாள் குமுதினி.

இவர்களுக்கு ஒரே பிள்ளை, கோசிகா. அவள் தன்னோடு வேலை செய்கிற பெடியனைக் கட்டப்போகிறேன் என்று ஒருநாள் அறிவித்தாள். பெயர் தகுமி. சப்பான்காரன். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிற கணேசலிங்கம், அவர் குமுதினியின் தாய்மாமன், விஷயம் கேள்விப்பட்ட உடனே பஸ்ஸும் ரயிலும் மாறி வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, "சப்பானிலை எந்தப் பகுதி?" என்று கேட்டார். ஒசாக்காவுக்குப் பக்கம் என்று கோசிகா சொன்னாள். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார், அந்தப் பக்கத்தில் தனக்குத் தெரிந்த நல்ல குடும்பங்கள் இருப்பதுபோல.

தகுமி நல்ல பிள்ளை. தமிழில் அவனுக்கு "ஓம்" மட்டும் நன்றாக வரும், எங்கள் வீட்டு மருமகனுக்கு அதுவே மிச்சம். தகப்பன் இல்லை. தாய் சுமியே அம்மா, புருசன் போன பிறகு வீட்டு வாசலைத் தாண்டுவதில்லையாம். கலியாணத்தைப் போனிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டா. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் எல்லோரும் போனுக்கு முன்னால் நெருங்கி இருந்து அந்த அம்மாவுக்கு முகம் காட்டினோம். பேச ஒன்றும் கிடைக்காமல், உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று குமுதினி கேட்டு வைத்தாள். அந்த அம்மா யோசித்துவிட்டு, என் அவருக்கு ஷிரானுமா என்ற பாட்டுக்காரியின் பாட்டுப் பிடிக்கும் என்று சொன்னா. தனக்கு என்ன பிடிக்கும் என்று கடைசிவரை சொல்லவில்லை.

ஞானேஸ்வரன் கேட்டுக்கொண்டா இருப்பான்?

"தம்பி, அம்மாவுக்குச் சொல்லு. மாமா ஒரு பாட்டுக்காரன். அந்த ஷிரானுமாவின்ரை பாட்டு ஒண்டு நான் கலியாணத்திலை பாடுவன் எண்டு சொல்லு."

"ஓம் மாமா," என்ற தகுமி, கோசிகா விளக்கியதைத் தாய்க்குத் தன் பாசையில் சொன்னான். போனில் அந்த அம்மா குனிந்தா. குனிந்தா, குனிந்தா, தலை உச்சிதான் தெரிந்தது. அடுத்த நாள் வந்த செய்தி, சுமியே அம்மா பிளேனுக்கு ரிக்கற் எடுத்துவிட்டாவாம். பாட்டைக் கேட்கத்தான் வாறாவாம்.

ஷிரானுமா என்பவ யார் என்று ஞானேஸ்வரன் முதல்முதலாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

கோசிகா பெரிய டிவியில் போட்டுக் காட்டினாள். மெலிந்த ஒரு மனிசி, வெள்ளை உடுப்போடு வந்து நின்றா. வாயைத் திறந்தா. மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை தட்டோடு சேர்ந்து கிணுகிணுத்தது. மூச்செடுக்காமல் ஒரு தெருவின் நீளத்துக்கு இழுத்தா. இனி முடிந்தது என்று நாங்கள் நினைத்த இடத்தில், ஏணி வைத்து இன்னொரு படி ஏறி, அங்கே நின்று முதலில் இருந்து பாடினா.

"உது மனிசரோ, ரயில் ஊதுறதோ?" என்றாள் குமுதினி. "இஞ்சாருங்கோ, உங்களுக்கு உது ஏலாது."

"சுருதி பிடிச்சிட்டன்," என்றான் ஞானேஸ்வரன்.

பிடித்த சுருதியோடு அடுத்த நாள் கடையில் பாடிப் பார்த்தான். ஏணி வைக்கிற இடத்தில் குரல் கீச்சிட்டு நின்றுவிட்டது. கார்ப்பெட் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பெண், தண்ணீர் வேண்டுமா, யாரையாவது கூப்பிடவா என்று கேட்டாளாம். இரண்டாவதாக எடுத்தது வேகமான பாட்டு. சொற்கள் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடின, இவன் முதல் வரியில் நிற்கும்போது ஷிரானுமா பாட்டையே முடித்துவிட்டா. மூன்றாவதில் குரலை உடைத்து மேலே மெல்லிசாக்க வேண்டும். இவன் உடைத்தான். அது உடைந்தே கிடந்தது, பிறகு இரண்டு நாள் சைகையில்தான் வியாபாரம்.

"சின்னப் பாட்டு ஒண்டு எடுங்கோ அப்பா," என்றாள் கோசிகா. "லேசான பாட்டு."

"லேசான பாட்டோ? நான் பாடாத மேடையோ?"

"மேடை இல்லை. நீங்கள் பாடினது எல்லாம் பெட்டிக்குப் பக்கத்திலை," என்றாள் குமுதினி.

ஆனால் லேசான பாட்டு எது என்று கண்டுபிடித்ததும் அதே குமுதினிதான். பள்ளிக்கூடத்துக் குசினியில் சமையல் வேலை செய்கிறவள், சத்தத்துக்குள்ளே நின்று பழகினவள். டிவியின் சத்தத்தை முற்றாக நிறுத்தச் சொன்னாள்.

"பாட்டைக் கேக்காதேங்கோ. அந்த மனிசியின்ரை கழுத்தைப் பாருங்கோ. நரம்பு எழும்பாத பாட்டு எதுவோ, அதுதான் உவருக்கு."

அப்படியே நாங்கள் வரிசையாக இருந்து, சத்தமே இல்லாமல் ஒரு பாட்டுக்காரியின் கழுத்தைப் பார்த்தோம். அந்த நேரம் ஆராவது வந்திருந்தால் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ. ஒரு பாட்டில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்தது. "வேண்டாம்." இன்னொன்றில் நெற்றியிலும் புடைத்தது. "ஐயோ, அடுத்தது." வாய் தாமரை மாதிரி விரிந்த பாட்டெல்லாம் தள்ளுபடி. தோள் ஏறி இறங்கின பாட்டும் தள்ளுபடி, அங்கே மூச்சுக்கு இடமில்லை என்று குமுதினி தீர்ப்புச் சொன்னாள். கடைசியில் ஒன்று வந்தது. ஷிரானுமா ஒரு கதிரையில் இருந்தா. கை மடியில் கிடந்தது. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. கழுத்து எங்கள் எல்லோருடைய கழுத்தையும் போல இருந்தது.

"இதுதான்," என்றாள் குமுதினி.

சத்தத்தைக் கூட்டிக் கேட்டால், மெதுவான பாட்டு. சொல்லும் குறைவு, சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. மேலேயும் ஏறாது, கீழேயும் விழாது. கச்சேரி முடிவில் களைத்துப்போய் இருந்து பாடுகிற பாட்டு என்று தகுமி சொன்னதாகக் கோசிகா சொன்னாள்.

"களைச்ச பாட்டை நான் பாடுறதோ?" என்று ஞானேஸ்வரன் முகத்தைச் சுழித்தான்.

"அவ களைச்சுப்போய்ப் பாடுறது உங்கடை முழுப் பலத்துக்கும் சரியாயிருக்கும்," என்றாள் குமுதினி. பிறகு மருமகன் பக்கம் திரும்பினாள். "தம்பி, உந்தப் பாட்டிலை ஆரும் சாகினமோ?"

கோசிகா இங்கிலீசில் கேட்டதும் தகுமி பதறிப்போய்ப் பதில் சொன்னான். கோசிகா மொழிபெயர்த்தாள்: ஒருத்தரும் சாகவில்லை, ஒரு மனிதன் படகில் வீட்டுக்கு வருகிறான், வருகிற வழியில் ஒரேஞ்சு, அதுதான் தோடம்பழம், வாங்குகிறான், பெண்சாதி துறையில் நிற்கிறாள். அவ்வளவுதான் பாட்டு.

"வேறை ஒண்டும் இல்லையோ? வந்து சேருறானோ?"

"ஓம் மாமி."

"தோடம்பழமும் பழுதில்லையோ?"

"ஓம் மாமி."

அதற்கு மேல் குமுதினியால் குற்றம் பிடிக்க முடியவில்லை.

அடுத்ததாக மேர்வின் வந்தான். பார்க்கிங்கில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன், கலியாணத்துக்கு மைக் பிடிக்கிறவனும் அவன்தான். பாடகர் குரலை எடுத்துவிட்டு வாத்தியத்தை மட்டும் ஒலிக்கவிடுகிற கரோக்கி மெசின் ஒன்றும் கொண்டுவந்தான். பாட்டை ஒருதரம் கேட்டு, தான் பெரிய வித்துவான் மாதிரிக் காதில் கையை வைத்தான்.

"அண்ணை, இது பொம்பிளைச் சுருதி. நான் ஒரு பட்டனை அமத்தி நாலு படி இறக்கிவிடுறன். பிறகு பாருங்கோ, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்."

இறக்கினான். வழுக்கிக்கொண்டுதான் போனது. எங்கே போனது என்றால், முப்பது வருசமாக இவன் பதிகம் பாடுகிற அதே சுருதிக்குப் போய் அங்கே சப்பாணி கட்டி இருந்துவிட்டது. மெதுவான பாட்டு, சொல் குறைந்த பாட்டு, திருப்பிச் சொல்கிற பாட்டு. இவனுடைய தொண்டைக்கு அப்படி ஒரு பாட்டுத்தானே தெரியும். படகுக்காரன் தோடம்பழத்தோடு புறப்பட்டான், இவன் வாயில் வரும்போது பாடையில் வந்தான்.

"இழுக்காதேங்கோ அப்பா," என்று கோசிகா கெஞ்சினாள். "சிரிச்சுக்கொண்டு பாடுங்கோ."

சிரித்துக்கொண்டு பாடினான். அது இன்னும் பயமாக இருந்தது.

ஒரு கிழமை இந்தப் பயிற்சி நடந்தது. அந்தக் கிழமை முடிவில் வாசலில் ஒரு வெள்ளைப் பூங்கொத்தும் அட்டையும் இருந்தன. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனிசி வைத்தது. உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன் என்று அட்டையில் அழகான எழுத்தில் எழுதியிருந்தது. குமுதினி அதை எடுத்துக்கொண்டு வந்து, டிவிக்கு மேலே, எல்லோருக்கும் தெரியிற இடத்தில் வைத்தாள்.

"பக்கத்து வீட்டு மனிசிக்கும் விளங்கிட்டுது. பிள்ளையின்ரை தாலி ஏறுற நாள் அப்பா. வேண்டாம்."

"வெள்ளைக்காரருக்கு என்ன சங்கீதம் தெரியும்?" என்றான். ஆனால் அன்றைக்குப் பிறகு பாடவில்லை. கடைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். கிருஷாந்தின் கலியாணத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப் போன நேரத்து முகம் அவனுக்குத் திரும்பி வந்திருந்தது. கலியாணத்துக்கு முதல்நாள், ஹீத்ரோவில் சுமியே அம்மாவைக் கூட்டிவரப் போய் நின்றபோது, கோசிகாவிடம் மெதுவாகக் கேட்டானாம்.

"அம்மா, அப்பாவுக்குத் தொண்டை சரியில்லை எண்டு சொல்லுவமோ?"

"அவ பாட்டுக்குத்தான் வாறா அப்பா," என்று கோசிகா சொன்னாள். "செத்தவீடு மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. பாடுங்கோ."

காலையில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் தாலி ஏறியது. அது ஒரு குறையும் இல்லாமல் நடந்தது, அங்கே ஞானேஸ்வரனுக்கு வாயால் வேலை இல்லை. மத்தியானம் மண்டபத்தில் சாப்பாடு. முதலில் வடையும் பலகாரமும் மேசைக்கு வந்தன. சோறு வருவதற்கு முன்னம், மேர்வின் மைக்கைப் பிடித்து, பெண்ணின் தகப்பனார் ஒரு சப்பானியப் பாட்டுப் பாடுவார் என்று அறிவித்தான். குமுதினி மேடையில் இல்லை. சோறு வருகிற கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள், எந்த நேரமும் உள்ளே போய்விட வசதியாக.

சுமியே அம்மா முன் வரிசையில், கறுப்பில் கரையோரம் பூப்போட்ட கிமோனோவோடு, முதுகு கதிரையில் படாமல் இருந்தா. பக்கத்தில் அவவின் தங்கையும் தங்கையின் புருசனும்.

ஞானேஸ்வரன் மேடையேறினான். பட்டு வேட்டி, சால்வை, கையில் மைக். சிரித்துக்கொண்டுதான் நின்றான். மெசினில் வாத்தியம் தொடங்கியது. இவன் பழக்கத்தில் "ம்ம்" என்று தொண்டையைச் சரிபண்ணினான்.

முதலில் எழும்பினது கணேசலிங்கம். அவர் வாயில் பாதி வடை இருந்தது. எழும்பினார், கையைக் கட்டினார், தலை குனிந்தார். அவரைப் பார்த்து அந்த மேசை எழும்பியது. ஞானேஸ்வரன் முதல் வரியை இழுத்தான், இரண்டாம் மேசை எழும்பியது, மூன்றாம் மேசை எழும்பியது. ஸ்ட்ரெதம் ஆட்கள், பார்க்கிங் ஆட்கள், பாரிசில் இருந்து வந்த ஆட்கள், எல்லோரும். கதிரைகள் நகர்கிற சத்தம் மண்டபத்தின் பின்பக்கம்வரை அலையாகப் போனது. ஆரும் யோசித்து எழும்பவில்லை. அந்தக் குரலுக்கு அவர்களுடைய கால் பழகியிருந்தது. செருப்புக் கழற்றினவர்களும் உண்டு. கைக்குழந்தைக்காரி ஒருத்தி பிள்ளையின் வாயைப் பொத்தினாள். ஒரு சின்னப் பெட்டை தாயின் சேலையை இழுத்து, ஆர் செத்தது என்று இங்கிலீசில் கேட்டாள். மேர்வின்கூட மெசினுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், அறிவித்த ஆளே அவன்தான்.

மேடையில் நின்றவனுக்கு எல்லாம் தெரிந்தது. சிரிப்பு வாயோரத்தில் தொங்கிப்போய் நின்றது. ஆனால் பாட்டை விடவில்லை. பெட்டி நகரும்வரை நிறுத்தக்கூடாது என்று முப்பது வருசம் பழகினவன் எப்படி விடுவான். படகுக்காரன் தோடம்பழக் கூடையோடு துறைக்கு வந்துகொண்டே இருந்தான், மண்டபம் முழுவதும் அவனுக்காகத் தலைகுனிந்து நின்றது.

சுமியே அம்மா திரும்பிப் பார்த்தா. ஒரு கதிரையிலும் ஆளில்லை. மெல்ல எழும்பினா. தங்கையும் புருசனும் எழும்பினார்கள். இரண்டு கையையும் முன்னால் சேர்த்து, இடுப்பு வரைக்கும் குனிந்து, அப்படியே நின்றா. கடைசி வரிகளில் அவவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

பாட்டு முடிந்தது. ஒருத்தரும் கைதட்டவில்லை. எல்லோரும் ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பக் கதிரைகளில் இருந்தார்கள். கணேசலிங்கம் மிச்ச வடையை விழுங்கினார். ஞானேஸ்வரன் மைக்கைப் பிடித்தபடி அந்த அமைதியில் நின்றான். அவனுக்கு இனி ஒரு கலியாண மேடையும் இல்லை என்று அந்த நேரம் அவனுக்கே விளங்கியிருக்கும்.

சுமியே அம்மா மேடைக்கு ஏறினா. பக்கத்தில் நின்ற தகுமிக்கு ஏதோ சொன்னா. தகுமி கேட்டுக்கொண்டு நின்று, கண்ணைத் துடைத்துவிட்டு, கோசிகாவுக்கு இங்கிலீசில் சொன்னான். கோசிகா தகப்பனுக்குச் சொன்னாள்.

"அப்பா, அவவின்ரை மனிசன் ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையொண்டிலை கூட்டாளிமாரோடை இந்தப் பாட்டைத்தான் பாடுறவராம். லேசான பாட்டு இது ஒண்டுதான் அவருக்கு வருமாம். ஆக்கள் சாப்பிட்டுக்கொண்டு கதைச்சுக்கொண்டு இருப்பினமாம், ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கிறதில்லையாம். இண்டைக்கு அவருடைய பாட்டுக்கு இவ்வளவு சனமும் எழும்பி நிண்டதாம். கைதட்டிக் கெடுக்கக்கூட இல்லையாம். பாட்டை இப்பிடி மதிக்கிற சனத்தைத் தான் கண்டதில்லையாம்."

ஞானேஸ்வரன் வாயைத் திறந்தான்.

"ஒண்டும் சொல்லாதேங்கோ," என்றாள் கோசிகா, தாயின் குரலில். "குனியுங்கோ."

குனிந்தான். அந்த அம்மாவும் குனிந்தா. ஆர் முதலில் நிமிருவது என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்ற நேரத்தில் சோறு வந்துவிட்டது. குமுதினி கதவடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, கறி ஆவி என்று எனக்குச் சொன்னாள். அவள் துடைக்கத் தொடங்கினபோது கதவு மூடித்தான் இருந்தது.

உண்மையை அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் ஒருத்தரும் சொல்லவில்லை. எங்கள் சனம் இரகசியம் காத்த ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த வருசம் தகுமியின் தகப்பனுக்கு ஆண்டு நினைவு வந்தது. அங்கே பௌத்த கோயிலில் வைத்துச் செய்வார்களாம். சுமியே அம்மா ஒரு வீடியோ அனுப்பினா. சொந்தக்காரர் எல்லோரும் கறுப்பு உடுப்போடு தரையில் முழங்கால் மடித்து இருக்கிறார்கள், முன்னால் படம், படத்துக்கு முன் ஒரு தட்டில் தோடம்பழம். மணி அடித்து முடிந்ததும் ஆரோ ஒரு போனை அமத்த, கலியாணத்தில் பதிந்த ஞானேஸ்வரனின் குரல் கோயில் முழுவதும் எழும்புகிறது.

கடையில் வைத்து எங்களுக்குப் போட்டுக் காட்டினான். குமுதினியும் ஒரு கார்ப்பெட் சுருளில் குந்திக்கொண்டு பார்த்தாள்.

"கலியாணத்துக்குப் பாடின பாட்டும் கடைசியிலை கடல் கடந்து செத்தவீட்டுக்குத்தான் போய்ச் சேந்திருக்கு."

"செத்தவீடு இல்லை, திவசம்," என்றான் ஞானேஸ்வரன். "இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, குமுது."

அவனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வீடியோவைத் திரும்ப முதலில் இருந்து போட்டான். முன்வரிசை, பின்வரிசை, சுவரோரம் இருந்தவர்கள் என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"எல்லாம் சரி," என்றான். "ஆனா ஒருத்தரும் எழும்பேல்லை பாத்தியோ."